ஐந்து ஆம்பியரும் ஆறு விருந்தாளிகளும்

அத்தியாயம் 14

சுந்துஸும் நாஹிதாவும் பேச்சை நிறுத்தி மூன்று வாரம் ஆகிவிட்டது. ஒரே வீடு, ஒரே வாசல், ஒரே மாடிப்படி. அண்ணன் பெண்டாட்டி சுந்துஸ் மாடியில், தம்பி பெண்டாட்டி நாஹிதா கீழே. பேசியே ஆகவேண்டும் என்றால் நடுவில் சுந்துஸின் மகள் ருசுல் இருந்தாள்.

"உங்க சித்திகிட்ட சொல்லு, தண்ணித்தொட்டி வழியுதுன்னு" என்று மேலிருந்து ஒரு குரல் வரும். "உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்கும் காது இருக்குன்னு" என்று கீழிருந்து பதில் போகும். ருசுல் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

சண்டைக்குக் காரணம் கரண்ட். ஈராக்கின் பஸ்ராவில், அதுவும் ஜூலை மாதத்தில், மனிதர்கள் வேறு எதற்குச் சண்டை போடப்போகிறார்கள்?

அரசு கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அது போன நேரத்துக்குத் தெரு ஜெனரேட்டர். அதிலிருந்து பத்து ஆம்பியர் வாங்கி இரண்டு குடும்பமும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். நாஹிதா வீட்டிலேயே குப்பா செய்து விற்பவள். அரிசி மாவுக்குள் கொத்துக்கறி வைத்து, கொழுக்கட்டை மாதிரி உருட்டி, உறைய வைத்துக் கல்யாண வீடுகளுக்குக் கொடுப்பாள். அதற்கென்று ஒரு பெரிய ஃப்ரீசர், அது இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும்.

"குப்பா வித்துக் கரண்ட் வாங்குறா, கரண்ட் வாங்கிக் குப்பாவை உறைய வைக்கிறா, நடுவுல வேர்த்து ஒழுகுறது நாங்க" என்று சுந்துஸ் ஒருநாள் தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டாள். மறுநாளே நாஹிதா ஜெனரேட்டர்காரர் ஹாத்திமைக் கூப்பிட்டு லைனைப் பிரிக்கச் சொன்னாள். மேலே ஐந்து ஆம்பியர், கீழே ஐந்து ஆம்பியர். அன்றோடு பேச்சும் பிரிந்துபோனது.

இந்த நிலைமையில்தான் ருசுலைப் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. முதலில் பெண்கள் வந்து பார்ப்பார்கள். அவர்களுக்குப் பிடித்தால்தான் ஆண்கள் திரண்டு வந்து முறைப்படி கேட்பார்கள். பையன் லைத் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன், நல்ல பிள்ளை என்று பெயர். ருசுல் "எனக்கென்ன, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் புருவத்தை இரண்டு முறை திருத்திக்கொண்டாள். அதிலேயே சுந்துஸுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மகளுக்குப் பிடித்த இடம். இது நழுவிவிடக் கூடாது.

விடிந்ததிலிருந்தே கடல் பக்கத்துக் காற்று. இந்த ஊரில் அதை ஷர்ஜி என்பார்கள். வந்துவிட்டால் சுவரெல்லாம் வியர்க்கும், தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற கூலர் வெறும் ஈரத்தைத்தான் இறைக்கும். அன்றைக்கு ஏசி ஒன்றுதான் கதி. ஏசியோ ஐந்து ஆம்பியரில் ஓடாது, அரசு கரண்ட் வரவேண்டும்.

கணவன்மார் இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தார்கள். சுந்துஸ் கூடத்தைத் துடைத்து, சோபாவுக்கு உறை மாற்றி, பழுத்த பர்ஹி பேரீச்சையைத் தட்டில் அடுக்கினாள். அவள் கண் அடிக்கொரு தரம் கதவு மேல் இருந்த சின்னச் சிவப்பு விளக்குக்குப் போனது. அரசு கரண்ட் வந்தால் அது எரியும்.

"அம்மா, சித்தி வீட்டுக் கூடத்துல உக்கார வெச்சா என்ன? தரைத்தளம், சூடு இறங்காது" என்றாள் ருசுல்.

"அவ வாசல்ல போய் நான் நிக்கணுமா?"

ருசுல் குவளைகளைத் துடைக்கப் போனாள்.

மாலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. சுந்துஸ் ஓடிப்போய் மாற்று சுவிட்சை அரசு பக்கம் திருப்பி, ஏசியைப் போட்டு, அதன் முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். கீழேயும் நடமாட்டம் கேட்டது. முதலில் தண்ணீர் பம்பு. அது நின்றதும் ஏசி. அப்புறம்தான் ஃப்ரீசரின் உறுமல். நாஹிதா எதையும் ஒன்றாகப் போடமாட்டாள். ஒன்று முடிந்து ஒன்று, பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் அனுப்புவதுபோல அனுப்புவாள். சுந்துஸுக்கு அது எப்போதும் எரிச்சலாகத்தான் இருக்கும். இன்றைக்கு அந்த எரிச்சலுக்குக்கூட நேரம் இல்லை, வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

ஆறு பெண்கள் வந்தார்கள். முன்னால் உம்மு லைத், பையனைப் பெற்றவள். பின்னால் அவள் தங்கைகளும் மருமகள்களும். உம்மு லைத்துக்குப் பெரிய உடம்பு, கூர்மையான கண். உட்காரும் முன்பே ஏசியைப் பார்த்தாள், திரைச்சீலையைப் பார்த்தாள், சுந்துஸின் நெற்றியைப் பார்த்தாள். கறுப்பு அபாயாக்களைக் கழற்றி வைத்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். அறை ஜில்லென்று இருந்தது. ஷர்பத் வந்தது. உம்மு லைத் ஒரு பேரீச்சையை எடுத்து வாயில் போட்டு, "எங்க பக்கத்துல இன்னும் பழுக்கல" என்றாள். நல்ல ஆரம்பம்தான்.

உள்ளே ருசுல் தேநீர்த் தட்டை எடுத்த நேரத்தில் சிவப்பு விளக்கு அணைந்தது.

இந்த ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூட ஒரு விஷயம் தெரியும். அரசு கரண்ட் போனால் முதலில் ஏசியை அணைக்க வேண்டும், பிறகுதான் ஜெனரேட்டர் பக்கம் திருப்ப வேண்டும். சுந்துஸுக்கும் தெரியும், ஆயிரம் தடவை செய்திருக்கிறாள். ஆனால் விருந்தாளிகள் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்களே என்ற பதற்றத்தில் நேராக ஓடி சுவிட்சைத் திருப்பிவிட்டாள். ஏசி போட்டபடியே இருந்தது.

மின்விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றது. பாரம் தாங்காமல், தெருமுனையில் ஹாத்திமின் பெட்டிக்குள் அவள் லைனின் பிரேக்கர் விழுந்துவிட்டது.

ருசுல் சமையலறைக்குள் ஒளிந்து நின்று ஹாத்திமுக்குப் போன் போட்டாள். இந்த மாதம் மாடி வீட்டு லைன் விழுவது இது மூன்றாவது தடவை, இனி மாலைத் தொழுகை முடிந்துதான் தூக்கிவிடுவேன், உங்கள் ஒரு வீட்டுக்காக என் இன்ஜின் சாக முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று கெஞ்சியதற்கு, அவர்களுக்கும் கரண்டைப் பற்றித் தெரிந்திருக்குமே என்றாராம்.

கூடத்தில் குளிர் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தது. மேலே வெயிலில் காய்ந்த கூரை, கீழே ஆறு விருந்தாளிகள். ஒருத்தி முக்காட்டு நுனியால் விசிறிக்கொண்டாள். இன்னொருத்தி கை கழுவப் போனவள் "அல்லா" என்று கையை உதறிக்கொண்டு வந்தாள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வந்த தண்ணீர் சுட்டுவிட்டது. உம்மு லைத்தின் கன்னத்தில் வியர்வை இறங்கி மை கரைய ஆரம்பித்தது. அபாயா மடித்து வைத்திருந்த நாற்காலியை அவள் ஒரு தடவை பார்த்தாள்.

சுந்துஸும் அதைப் பார்த்துவிட்டாள். இந்தப் பெண்மணி இப்போது எழுந்து போனால் திரும்ப வரமாட்டாள். ஒரு மின்விசிறியைச் சுற்ற வைக்கத் தெரியாத வீட்டில் வளர்ந்த பெண் என்று ஊரெல்லாம் பேச்சாகும். மகளின் திருத்திய புருவம் நினைவுக்கு வந்தது. போ, நாஹிதாவிடம் போய்க் கேள் என்று மனசு சொன்னது. கால் அசையவில்லை.

அப்போது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது.

நாஹிதா நல்ல உடை உடுத்தி, கையில் ரோஜாப்பன்னீர்ச் செம்போடு வந்து நின்றாள். விருந்தாளிகளை ஒவ்வொருத்தியாகக் கன்னத்தில் முத்தமிட்டாள். சுந்துஸின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"எங்க வீட்டுப் பெரியவங்க உங்களை முதல்ல தன் கையால ஷர்பத் குடிக்க வெச்சுட்டுத்தான் கீழ அனுப்புவேன்னு பிடிவாதமா சொல்லிட்டாங்க. உங்களுக்கு இடம் போட்டிருக்கிறது கீழதான். காலையிலேருந்து கூடத்தைக் குளிர வெச்சுக் காத்துக்கிட்டிருக்கேன், வாங்க."

பொய் என்றால் இப்படிச் சொல்ல வேண்டும். உம்மு லைத் நம்பினாளோ இல்லையோ, எழுந்த வேகத்தைப் பார்த்தால் கேள்வி கேட்கும் உத்தேசம் இல்லை என்று தெரிந்தது.

கீழ்க் கூடத்துக் கதவைத் திறந்ததும் ஜில்லென்று காற்று முகத்தில் அடித்தது. சுந்துஸ் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மூன்று வாரமாக அவள் இந்த அறைக்குள் வரவில்லை. ஜன்னலுக்கு உள்பக்கம் குளிர்காலத்து ரஜாய்ப் போர்வை தொங்கியது. கதவிடுக்கில் துணிச் சுருள். அரசு கரண்ட் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அறையைப் பனிக்கட்டியாக்கி, குளிரை வெளியே விடாமல் பூட்டி வைத்திருக்கிறாள். ஏசி இப்போது மெல்லிய சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்காதபடி அதில் ஒரு பொத்தான் உண்டு. அதே மாதிரி ஏசிதான் மாடியிலும் இருக்கிறது. அந்தப் பொத்தான் எதற்கு என்று சுந்துஸ் ஒருநாளும் பார்த்ததில்லை.

கை கழுவுமிடத்தில் குளிர்ந்த தண்ணீர் வந்தது. வெந்நீர் போடும் கீசரை அணைத்துப்போட்டு, விடியற்காலைத் தண்ணீரை அதில் தேக்கி வைப்பது எல்லா வீட்டிலும் செய்கிற வேலைதான். சுந்துஸ் காலையில் திரைச்சீலைக்கு இஸ்திரி போடும் அவசரத்தில் அதை மறந்திருந்தாள். நாஹிதா எதையும் மறப்பதில்லை. பொறாமை வந்திருக்க வேண்டிய இடத்தில் சுந்துஸுக்குக் கைதட்டத் தோன்றியது. இந்தப் பொம்பளையிடம் ஊரையே கொடுத்தால் ஊரையே குளிர வைத்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டாள். இவளையா தெருவில் நின்று ஏசினோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

ருசுல் காய்ந்த எலுமிச்சைத் தேநீர் கொண்டுவந்தாள். உம்மு லைத் அவளை இழுத்து அணைத்து, தலைமுடியை முகர்ந்து, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். என்ன படித்தாய், என்ன சமைப்பாய் என்றெல்லாம் கேட்கவில்லை. "ஒரு ஆம்பியர்ல என்னென்ன ஓடும்?" என்று கேட்டாள்.

"ஒரு ஃபேன், நாலு லைட்டு, எங்கம்மாவோட கோபம்" என்றாள் ருசுல்.

எல்லோரும் சிரித்தார்கள். சுந்துஸும் சிரித்துவிட்டாள். நாஹிதா சிரிப்பை மறைக்கத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

போகும்போது உம்மு லைத், வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றாள். பெண் பார்த்த எல்லோரும் சொல்வதுதான் அது. பிடித்திருந்தாலும் அதுதான், பிடிக்காவிட்டாலும் அதுதான்.

கார் தெருமுனை திரும்பியதும் சுந்துஸ் எச்சில் குவளைகளை எடுத்துக்கொண்டு கீழ்ச் சமையலறைக்குப் போனாள். அங்கே இருட்டாக இருந்தது. ஃப்ரீசரின் உறுமல் கேட்கவில்லை. கதவைத் திறந்து வைத்து, தட்டுத் தட்டாகக் குப்பாவை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள் நாஹிதா. காலையில் பிடித்தவை, இன்னும் உறைந்து இறுகாதவை. விரல் பட்ட இடமெல்லாம் குழைந்தது.

கூடத்து ஏசிக்கும் விளக்குகளுக்குமே ஐந்து ஆம்பியரும் தேவைப்பட்டிருக்கிறது. ஃப்ரிட்ஜையும் ஃப்ரீசரையும் அணைத்துவிட்டு, மொத்தத்தையும் விருந்தாளிகளுக்குக் கொடுத்திருக்கிறாள். அனல் பறக்கும் சமையலறையில் கறி வைத்த குப்பா எத்தனை நேரம் தாங்கும்?

"இது யாரோட ஆர்டர்?" என்று சுந்துஸ் கேட்டாள். நாஹிதா அடுத்த தட்டை வெளியே எடுத்தாள்.

"அஷார்ல ஒரு கல்யாண வீடு, நாளைக்குக் குடுக்கணும்" என்றாள் ருசுல், மெதுவாக. "ஜெனரேட்டர் பணம் கட்டுறது இதுலதான்."

சுந்துஸ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பெரிய பானையை அடுப்பில் ஏற்றினாள். அடுப்புக்காவது ஆம்பியர் வேண்டாம், சிலிண்டர் இருக்கிறது. கறி கெடும் முன்னால் எல்லாவற்றையும் வேகவைத்துவிடுவோம் என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். நாஹிதா உப்பு டப்பாவை அவள் பக்கம் தள்ளினாள். மூன்று பேரும் வியர்க்க விறுவிறுக்க வேலை செய்தார்கள்.

வெந்து முடிந்ததும், கல்யாண வீட்டுக்குக் கொடுக்க முடியாதபடி உருக்குலைந்து மலைபோலக் குவிந்துகிடந்தது. வீணாக்கக் கூடாது, தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தட்டு கொடுத்துவிட்டு வா என்று சுந்துஸ் ருசுலை அனுப்பினாள். நாஹிதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுந்துஸின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

அவள் சொல்லவந்தது என்ன என்று சற்று நேரத்தில் தெரிந்துவிட்டது. மாலைத் தொழுகை முடிந்து விளக்குகள் எரிய ஆரம்பித்த நேரத்தில் எதிர்வீட்டிலிருந்து ஒரு குலவைச் சத்தம் கிளம்பியது. அதைக் கேட்டு அடுத்த வீட்டில் ஒன்று. பிறகு தெருக்கோடி வரைக்கும்.

ருசுல் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அம்மா, எல்லாரும் எனக்கு நிச்சயம் ஆயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டாங்க."

நினைக்காமல் என்ன செய்வார்கள்? ஆறு அந்நியப் பெண்கள் காரில் வந்து இறங்கியதைத் தெருவே பார்த்தது. அன்று மாலையே அந்த வீட்டிலிருந்து தட்டுத் தட்டாகக் குப்பா வருகிறது. சுந்துஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பையன் வீட்டார் பதில் சொல்லும் முன்பே பெண் வீட்டார் விருந்து கொடுத்துவிட்டார்கள். இதைவிட அவசரக்குடுக்கைத்தனம் உண்டா?

போன் அடித்தது. உம்மு லைத்.

"எங்க சின்னம்மா பொண்ணு உங்க பின்தெருவுலதான் இருக்கா" என்றாள், எடுத்த எடுப்பில். "வாழ்த்து சொல்லி எனக்குப் போன் பண்றா. எதுக்கு வாழ்த்துன்னு நான் உங்களைத்தானே கேக்கணும்?"

நேர்ச்சை என்று சொல்லலாம். யாருடைய நினைவு நாளோ என்று சொல்லலாம். நாஹிதா விருந்தாளிகளிடம் சொன்ன பொய் மாதிரி அழகாக ஒன்று சுந்துஸுக்கும் வரத்தான் செய்தது. ஆனால் அடுப்பின் முன்னால் முகம் சிவந்து, காலித் தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்த ஓரகத்தியைப் பார்த்ததும் அதைச் சொல்ல மனசு வரவில்லை.

"உம்மு லைத், உள்ளதைச் சொல்லிடறேன்" என்றாள். "ஏசியை அணைக்காம சுவிட்சைத் திருப்பி லைனை விழ வெச்சது நான். உங்களுக்குக் கீழ இடம் போடச் சொன்னது நான் இல்ல. நாங்க ரெண்டு பேரும் மூணு வாரமா பேச்சே கிடையாது. தன் ஃப்ரீசரை அணைச்சு உங்களைக் குளிர வெச்சது எங்க நாஹிதா. அவ விக்க வெச்சிருந்தது பூரா குழைஞ்சுபோச்சு, அதைத்தான் தெருவுக்குக் குடுத்தோம். நிச்சயத்துக்கு இல்ல. உங்க பதில் என்னவா இருந்தாலும் சரி, அவளைப் பத்தி யாரும் குறைச்சலா நினைச்சுடக் கூடாது."



"எனக்கு ஏற்கெனவே ரெண்டு மருமக" என்றாள் உம்மு லைத். "ஒருத்தி ஃப்ரிட்ஜில இன்னொருத்தி ஒரு ஐஸ்கட்டி வைக்க முடியாது. அந்த நாஹிதாகிட்ட போனைக் குடுங்க."

நாஹிதா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கேட்டாள், "ம்" என்றாள், மறுபடி கேட்டாள். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். நடுவில் ருசுல் நின்றிருந்தாள். நாஹிதா அவளைத் தாண்டிச் சுந்துஸைப் பார்த்தாள்.

"வியாழக்கிழமை ஆம்பளைங்க கேக்க வரலாமாங்குறாங்க. நாப்பது பேருக்குக் குறையாதாம். இந்தச் சூட்டுல அவ்வளவு பேரையும் எங்க உக்கார வைப்போம், அக்கா?"

சுந்துஸ் வரச்சொல் என்று தலையை ஆட்டினாள். முந்தானைபோல் கிடந்த முக்காட்டை இழுத்துக் கண்ணைத் துடைத்தாள்.

"வியாழக்கிழமையா?" என்றாள் ருசுல், சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் மறைத்துக்கொண்டு. "அன்னைக்கு நாள் பூரா ஜெனரேட்டர் கிடையாது. இன்ஜினை ரிப்பேருக்குக் கழட்டிப் போடுறேன்னு ஹாத்திம் மாமா இப்பத்தான் தெருவுல சொல்லிக்கிட்டிருந்தாரு."

ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாஹிதா போனிலிருந்து கையை எடுத்தாள்.

"தாராளமா வரலாம்" என்றாள். "எத்தனை பேர் வேணும்னாலும் வரலாம்."